கைத்தட்டலை நம்பாத ராஜபார்ட்

"ஷேக்ஸ்பியருடன் நடித்த ரிச்சர்ட் பர்பேஜ் 1619இல் இறந்தார். டேவிட் காரிக் லண்டனில் பெயர் வாங்கியது 1741இல். நடுவில் நூற்றிருபது வருடம் இங்கிலாந்து மேடையில் சொல்லும்படியாக ஒருவரும் இல்லையா? தாமஸ் பெட்டர்ட்டன் என்ற பெயர் அங்கங்கே கண்ணில் படுகிறது. அவர் யார், உண்மையிலேயே பெரிய நடிகர்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரிய நடிகர்தான். சந்தேகமே வேண்டாம். 1660இல் மேடை ஏறியவர், 1710இல் இறப்பதற்குப் பதினைந்து நாள் முன்பு வரை நடித்தார். ஐம்பது வருடத்தில் நூற்றெண்பதுக்குக் குறையாத வேடங்கள். ஆனால் வரலாற்றைச் சொல்லும் முன் ஆள் பார்க்க எப்படி இருந்தார் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர்மேல் பிடிப்பு உண்டானதே அங்கேதான்.

ஆன்டனி ஆஸ்டன் என்ற நடிகர் அவரை வயதான காலத்தில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். பெரிய தலை, குட்டையான தடித்த கழுத்து, கூனிய தோள்கள், சிறிய கண்கள், லேசாக அம்மைத் தழும்பு விழுந்த அகன்ற முகம், பருத்த உடம்பு, தடித்த கால்கள், பெரிய பாதங்கள். கைகள் கொழுத்துக் குட்டையாக இருந்தன. அவை வயிற்றுக்கு மேலே எழுவதே அபூர்வம். இடது கை பெரும்பாலும் கோட்டுக்குள் மார்போடு செருகியிருக்கும். வலது கை மட்டும், வரப்போகும் வசனத்துக்கு வழி செய்துகொடுக்கும். குரலோ தாழ்ந்த, உறுமுகிற குரல். இந்த உருவத்தையும் குரலையும் வைத்துக்கொண்டு வாய்ப்புக் கேட்டு வந்தால் எந்த நாடகக் கம்பெனியும் ராஜபார்ட் தராது. வாசலிலேயே சமையல்கட்டுக்கு வழி காட்டியிருப்பார்கள்.

அதே ஆஸ்டன் அடுத்த மூச்சில் இன்னொன்றும் சொல்கிறார். அந்த உறுமல் குரலைப் படிப்படியாக ஏற்றி பெட்டர்ட்டன் ஓர் உச்சிக்குக் கொண்டுபோகும்போது கொட்டகை முழுவதும் காது கொடுக்குமாம். மினுக்கு மைனர்களும் ஆரஞ்சுப்பழம் விற்கும் பெண்களும்கூட வாயை மூடிக்கொள்வார்களாம். இது எவ்வளவு பெரிய பாராட்டு என்பது அந்தக் காலத்து லண்டன் கொட்டகையைத் தெரிந்தவர்களுக்குத்தான் விளங்கும். விளக்கை அணைத்துப் பார்வையாளரை இருட்டில் உட்கார வைக்கும் வழக்கம் அப்போது கிடையாது. மேடைக்கும் சபைக்கும் ஒரே மெழுகுவத்தி வெளிச்சம்தான். பலர் வந்ததே நாடகம் பார்க்க அல்ல, தங்களைப் பிறர் பார்க்க. ஆரஞ்சுக்காரி கூவிக்கொண்டே நடப்பாள், மைனர் அவளிடம் வம்பு பேசுவான், பாக்ஸில் உள்ள சீமாட்டி முகமூடி போட்டுக்கொண்டு சிரிப்பாள். இவர்களை அடக்குவதுதான் நடிப்பு.

சமையல்கட்டு என்று சொன்னது வெறும் கிண்டல் அல்ல. பெட்டர்ட்டனின் தந்தை மாத்யூ, முதலாம் சார்லஸ் மன்னரின் அரண்மனையில் உதவிச் சமையற்காரர். 1635 ஆகஸ்டில் வெஸ்ட்மின்ஸ்டரில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்கு ஏழு வயதானபோது உள்நாட்டுப் போர் தொடங்கியது. 1642 செப்டம்பரில் நாடாளுமன்றம் எல்லாக் கொட்டகைகளையும் மூடிவிட்டது. பதினெட்டு வருடம் மேடை இருண்டு கிடந்தது. நடுநடுவே திருட்டுத்தனமாக நடந்த சில ஆட்டங்கள் கணக்கில் சேராது. பையனைப் புத்தக வியாபாரியிடம் தொழில் பழக விட்டார்கள். ஒரு நடிகனுக்கு அது சுமாரான ஆரம்பம்தான் என்று தோன்றும். ஆனால் அந்தப் புத்தகக் கடைகளைக் கவனியுங்கள். ஜான் ஹோல்டன் என்பவர் கவிஞரும் நாடகாசிரியருமான வில்லியம் டேவனன்ட்டின் நூலை வெளியிட்டவர். ஜான் ரோட்ஸ் என்பவர் மூடப்பட்ட பிளாக்ஃபிரையர்ஸ் கொட்டகையில் ஒரு காலத்தில் உடுப்புகளைப் பார்த்துக்கொண்டவர். பழைய மேடையின் நெருப்பு இந்த மாதிரி கடைகளில்தான் சாம்பலுக்கு அடியில் கிடந்தது.

1660இல் மன்னராட்சி திரும்பும் வேளை வந்ததும் ரோட்ஸ் முந்திக்கொண்டு ட்ரூரி லேனில் இருந்த காக்பிட் கொட்டகையைத் துடைத்து எடுத்து ஆட்டம் தொடங்கினார். கடைப் பையன்களான பெட்டர்ட்டனும் எட்வர்ட் கைனாஸ்டனும் நடிகர்கள் ஆனார்கள். கைனாஸ்டன் ஸ்திரீபார்ட். அந்த ஆகஸ்டில் அவரைப் பெண் வேடத்தில் பார்த்த நாட்குறிப்புக்காரர் சாமுவேல் பீப்ஸ், தன் வாழ்நாளில் கண்ட பெண்களிலேயே இத்தனை அழகு பார்த்ததில்லை என்று எழுதினார். அதே டிசம்பரில் லண்டன் பொதுமேடையில் 'ஒத்தெல்லோ' நாயகி டெஸ்டிமோனாவாக ஒரு பெண்ணே வந்து நின்றாள். ஸ்திரீபார்ட்டுக்கு அத்தோடு அந்திமக் காலம். கைனாஸ்டன் ஆண் வேடங்களுக்கு மாறித் தப்பித்தார். அது வேறு கதை.

இரண்டாம் சார்லஸ் நாடகம் போடும் உரிமையை இரண்டே பேருக்குக் கொடுத்தார். தாமஸ் கில்லிக்ரூவுக்கு மன்னர் கம்பெனி. டேவனன்ட்டுக்கு மன்னரின் தம்பி யார்க் கோமகனின் பெயரில் டியூக் கம்பெனி. பழைய, பழகிய நடிகர்கள் எல்லாம் கில்லிக்ரூவிடம் போய்விட்டார்கள். டேவனன்ட்டுக்குக் கிடைத்தது சின்னஞ்சிறுசுகள். 1660 நவம்பரில் போட்ட ஒப்பந்தப்படி வருமானம் பதினைந்து பங்கு. பத்து டேவனன்ட்டுக்கு, ஐந்து நடிகர்கள் அத்தனை பேருக்கும். கொள்ளை என்று தோன்றலாம். ஆனால் அந்தப் பத்தில்தான் கட்டடம், உடுப்பு, நடிகைகளின் பராமரிப்பு எல்லாம் அடங்கும். முக்கிய நடிகைகள் நால்வரைத் தன் வீட்டிலேயே தங்க வைத்துச் சோறு போட்டார் அவர்.

டேவனன்ட் எடுத்த முடிவுதான் ஆங்கில மேடையின் முகத்தை மாற்றியது. லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு டென்னிஸ் மைதானம் இருந்தது. அந்தக் காலத்து டென்னிஸ் கூரை போட்ட நீண்ட கூடத்துக்குள் ஆடுவது. சுமார் 75 அடி நீளம், 30 அடி அகலம். அதைக் கொட்டகையாக்கி, தண்டவாளம் போன்ற பள்ளங்களில் இழுத்து நகர்த்தும் ஓவியத் தட்டிகளைப் பொருத்தினார். 1661 ஜூனில் திறந்த அன்று மன்னரே வந்தார். 'ரோட்ஸ் முற்றுகை' (இந்த ரோட்ஸ் ஒரு தீவு, ஜான் ரோட்ஸ் அல்ல) என்ற டேவனன்ட்டின் சொந்த நாடகம். பெட்டர்ட்டன் சுல்தான் சுலைமான். அன்று ஜான் டௌன்ஸ் என்ற இளைஞருக்கும் ஒரு வேடம் இருந்தது. மன்னரைப் பார்த்த நடுக்கத்தில் அவருக்கு எல்லாம் குழம்பிப்போய், நடிப்புக்கே முழுக்குப் போட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலைக்குப் போய்விட்டார். நமக்கு நல்லதாகப் போயிற்று. பல ஆண்டுகள் அந்த ஓரத்தில் நின்று அவர் பார்த்ததைத்தான் 1708இல் புத்தகமாக்கினார். பெட்டர்ட்டனைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த பயந்தாங்கொள்ளியின் புண்ணியம்.

அந்த இலையுதிர் காலத்திலேயே இன்னொரு கௌரவம். டேவனன்ட்டின் வேறொரு நாடகத்துக்கு மன்னர் தன் முடிசூட்டு விழா உடையையே பெட்டர்ட்டனுக்குக் கொடுத்து உடுத்திக்கொள்ளச் சொன்னார். சமையற்காரர் மகன், தந்தை பரிமாறிய அரசரின் பிள்ளை போட்ட பட்டை உடுத்தி மேடையில் நின்றான்.

1661 ஆகஸ்ட் 24. 'ஹாம்லெட்'. பீப்ஸ் போயிருந்தார். காட்சி அமைப்புகள் நன்றாக இருந்தன என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெட்டர்ட்டன் இளவரசன் வேடத்தைக் கற்பனைக்கு எட்டாதபடி செய்தார் என்று முடித்தார். அந்த நவம்பரில் வேறொரு நாடகம் பார்த்துவிட்டு, உலகிலேயே சிறந்த நடிகர் இவர்தான் என்று தானும் மனைவியும் சொல்லிக்கொள்வதாக எழுதினார். பெட்டர்ட்டனுக்கு அப்போது 26 வயது. ஹாம்லெட்டை அதற்குப் பின் அவர் விடவே இல்லை. 74 வயதிலும் அதே வேடம்.

இங்கே ஒரு கேள்வி எழும். ஏழு வயதில் கொட்டகைகள் மூடிய பையனுக்கு யார் ஹாம்லெட் சொல்லிக் கொடுத்தது? டௌன்ஸ் ஒரு குருபரம்பரை சொல்கிறார்: ஷேக்ஸ்பியர் ஜோசப் டெய்லருக்குக் கற்பித்தார், டெய்லர் நடித்ததை டேவனன்ட் பார்த்தார், டேவனன்ட் வரிவரியாகப் பெட்டர்ட்டனுக்குக் கற்பித்தார். கேட்க அருமையாக இருக்கிறது. பல புத்தகங்களில் இதை அப்படியே எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் கணக்கு உதைக்கிறது. ஷேக்ஸ்பியர் இறந்தது 1616. பர்பேஜ் இறந்து அவர் இடத்துக்கு டெய்லர் அந்தக் கம்பெனியில் சேர்ந்தது 1619. செத்தவர் பாடம் நடத்தியிருக்க முடியாது. 'எட்டாம் ஹென்றி' பற்றி டௌன்ஸ் சொல்லும் இன்னொரு சங்கிலி தேவலை. அதில் டெய்லர் இடத்தில் ஜான் லோவின் வருகிறார். அவர் 1603 முதலே அந்தக் கம்பெனியில் ஷேக்ஸ்பியரோடு இருந்தவர். ஆகவே எட்டாம் ஹென்றியாகப் பெட்டர்ட்டன் நின்ற நிலையிலும் நடையிலும் ஷேக்ஸ்பியர் காலத்தின் சாயல் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஹாம்லெட்டைப் பொறுத்தவரை, டேவனன்ட் என்ற வாத்தியாரும் பெட்டர்ட்டன் என்ற மாணவனும் சேர்ந்து செய்ததுதான் அது. எனக்கு அதுவே போதும்.

அவர் நடித்தது முழு ஹாம்லெட்டும் அல்ல. 1676இல் அச்சான பதிப்பில், நாடகம் மிக நீளமாக இருப்பதால் மேடையில் விட்டுவிடும் வரிகளுக்குக் குறி போட்டிருக்கிறார்கள். அந்தத் தலைமுறைக்கு ஷேக்ஸ்பியர் வேதம் அல்ல, கச்சாப் பொருள். 'மெக்பெத்' சூனியக்காரிகள் 1673இல் கயிற்றில் பறந்தார்கள், பாடினார்கள், ஆடினார்கள். 1681 முதல் 'லியர்' நாடகத்தில் லியரும் சாகமாட்டார், மகள் கார்டீலியாவும் சாகமாட்டாள், கடைசியில் கல்யாணம். பெட்டர்ட்டன்தான் அந்த லியர். இதற்காக அவரைத் திட்டுகிற விமர்சகர்கள் உண்டு. ஆனால் அதே ஆள்தான் பின்னாளில் ஷேக்ஸ்பியரைப் பற்றிக் கிடைத்ததைச் சேகரிக்கவென்றே அவர் சொந்தப் பகுதியான வார்விக்ஷர் வரை பயணம் போனார். 1709இல் நிக்கலஸ் ரோ எழுதிய ஷேக்ஸ்பியர் வாழ்க்கை வரலாற்றில் பெரும்பாலான செய்திகள் பெட்டர்ட்டன் தந்தவை என்று ரோவே நன்றி சொல்கிறார். ஷேக்ஸ்பியர் மான் திருடிய கதை போன்ற ஊர்வம்புகளும் அந்த நூலின் வழியாகத்தான் உலகெங்கும் போயின. இன்று நாம் ஷேக்ஸ்பியர் என்று எங்கும் பார்க்கிற, காதில் வளையம் போட்ட அந்த ஓவியம் டேவனன்ட்டிடமிருந்து பெட்டர்ட்டனுக்கு வந்து அவர் வசம் இருந்தது. லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் அதுதான் முதல் எண்.

சரி, மேடையில் அப்படி என்னதான் செய்தார்? ஒலிப்பதிவு இல்லாத காலத்தில் இதற்குப் பதில் சொல்ல ஒருவர்தான் இருக்கிறார்: கோலி சிபர். 1690இல் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்து, பெட்டர்ட்டனைப் பக்கத்தில் இருந்து பார்த்து, தன் வயதான காலத்தில் எழுதியவர். அவர் எடுத்துக்கொள்வது ஹாம்லெட் தன் தந்தையின் ஆவியைக் காணும் காட்சி. மற்ற நடிகர்கள் ஆவியைக் கண்டதும் இடி முழங்குவதுபோலக் கத்துவார்கள், சபை இடி முழங்குவதுபோலக் கைத்தட்டும். ஒருமுறை அப்படி ஒருவர் கத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த கட்டுரையாளர் ஜோசப் அடிசன் சிபரிடம், ஆவி ஹாம்லெட்டை ஒன்றும் செய்யவில்லையே, எதற்கு இவர் இவ்வளவு கோபப்படுகிறார் என்று கேட்டாராம். பெட்டர்ட்டன் கத்தமாட்டார். முதலில் பேச்சே வராத திகைப்பு. பிறகு மெல்ல எழுந்து வருகிற, பயபக்தியில் நடுங்குகிற குரல். ஆவி ஹாம்லெட்டுக்கு எவ்வளவு பயங்கரமோ அவ்வளவு பயங்கரம் பார்ப்பவர்களுக்கும். அவர் முகம் இயல்பில் செக்கச்செவேல் என்று இருக்குமாம். பின்னால் தாயின் அறையில் ஆவி மறுபடி தோன்றும் கணத்தில் அது கழுத்துத் துணிபோல வெளுத்ததைத் தன் கண்ணால் கண்டதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். பார்ட்டன் பூத் என்ற இளம் நடிகர் முதல்முறையாக அவரோடு ஆவி வேடம் போட்டார். "நான் அவரை மிரட்டுவதற்குப் பதில் அவர் என்னை மிரள வைத்துவிட்டார்" என்று பூத் சொன்னதாகக் கதை இருக்கிறது. ஆவியே பயந்துபோன ஒரே ஹாம்லெட் இதுவாகத்தான் இருக்கும்.

சிபர் எழுதியதில் என்னை நிறுத்திய இடம் வேறு. எந்தக் கைத்தட்டலையும், கவனத்தோடு அமைந்த அமைதிக்கு ஈடாகப் பெட்டர்ட்டன் நினைத்ததில்லையாம். சத்தமாகக் கைத்தட்ட வைக்க ஏமாற்று வழிகள் நிறைய உண்டு; ஆனால் கொட்டகையை மூச்சடக்கி உட்கார வைப்பது உண்மையான திறமையால் மட்டுமே முடியும் என்பது அவர் கட்சி. குட்டைக் கைகளை ஏன் மார்புக்குள் செருகிக்கொண்டார் என்பது இப்போது புரிகிறது. தனக்கு எது வராது என்று தெரிந்து, அதைத் தொடாமல் ஒதுக்கி வைத்தவர்.

ஆனால் இதே மனிதரின் வாழ்க்கையில் நேர்எதிரான ஒரு பாதி இருக்கிறது. வெறும் கண்ணையும் குரலையும் வைத்துக்கொண்டு சபையைக் கட்டிப்போடத் தெரிந்தவர், லண்டன் மேடையில் அதுவரை யாரும் செய்யாத அளவுக்குக் காசைக் கொட்டி இயந்திர ஜாலங்களைக் கொண்டுவந்தார். டேவனன்ட் 1668இல் இறந்ததும் அவர் மனைவி கம்பெனியைப் பொறுப்பேற்க, பெட்டர்ட்டனும் சக நடிகர் ஹென்றி ஹாரிஸும் நிர்வாகத்தைக் கவனித்தார்கள். மேடை இயந்திரங்களைப் பார்த்துவரப் பெட்டர்ட்டன் பிரான்சுக்கே போய்வந்தார். 1671 நவம்பரில் தேம்ஸ் ஆற்றங்கரையில் டார்செட் கார்டன் கொட்டகை திறந்தது. கட்டுமானச் செலவு சுமார் 9,000 பவுண்டு. சீமான்கள் படகில் வந்து படித்துறையில் இறங்கி நேரே உள்ளே போகலாம். பெட்டர்ட்டன் குடியிருந்ததும் அந்தக் கட்டடத்திலேயே. தேர்கள் இறங்கின, மேகங்கள் பிளந்தன. 1675இல் ஒரே ஒரு நாடகத்தின் காட்சி அமைப்புக்கு மட்டும் 800 பவுண்டுக்கு மேல் ஆனது.

இதில் கை சுட்ட கதையும் உண்டு. 1685இல் கவிஞர் டிரைடன் எழுதிய 'ஆல்பியனும் ஆல்பேனியஸும்' என்ற இசைநாடகத்தைத் தடபுடலாக ஏற்றினார்கள். அரசகுடும்பத்தின் புகழ் பாடுகிற கதை. அது ஓடிக்கொண்டிருந்தபோதே மன்மத் கோமகன் மன்னருக்கு எதிராகப் படையோடு வந்திறங்கினார் என்ற செய்தி லண்டனுக்கு வந்தது. கூட்டம் கலைந்தது. ஆறு ஆட்டத்தோடு சரி. போட்டதில் பாதிகூடத் திரும்பாமல் கம்பெனி கடனில் விழுந்தது. பெட்டர்ட்டன் ஓய்ந்தாரா? இல்லை. 1690இல் ஹென்றி பர்சலின் இசையோடு இன்னொன்று, 1691இல் இன்னொன்று, 1692இல் 'தேவதை அரசி'. அரண்மனையும் நகரமும் கொண்டாடின. செலவு எக்கச்சக்கம் ஆனதால் கம்பெனிக்குக் கிடைத்தது சொற்பம் என்று டௌன்ஸ் வறட்சியாக ஒரு வரி எழுதுகிறார். அந்த ஒரு வரியில் மூன்று வருடக் கணக்குப் புத்தகமே அடங்கிவிட்டது.

நிர்வாகியாக அவர் சாதுவும் அல்ல. எதிர்க் கம்பெனி தள்ளாடிய 1681இல், அதன் இரண்டு தூண்களான சார்லஸ் ஹார்ட்டோடும் பழைய சிநேகிதர் கைனாஸ்டனோடும் இரகசிய ஒப்பந்தம் போட்டார்கள். அங்கே நடிக்காமல் இருந்தால், டியூக் கொட்டகையில் ஆட்டம் நடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஆளுக்கு ஐந்து ஷில்லிங். சும்மா இருப்பதற்குச் சம்பளம். அடுத்த வருடமே மன்னர் கம்பெனி மடங்கி, இரண்டும் ஒன்றாயின. 1682 முதல் லண்டனில் ஒரே கம்பெனி. அதன் தலைமகன் பெட்டர்ட்டன். போட்டியைக் காசு கொடுத்துக் கொன்ற இந்தக் காரியத்தை அவர் புகழ் பாடுகிறவர்கள் சட்டென்று கடந்துபோய்விடுவார்கள். பதின்மூன்று வருடம் கழித்து அது அவர் தலையிலேயே விடிந்தது என்பதால் நான் கடந்துபோக விரும்பவில்லை.

வீட்டுப் பக்கம் ஒரு பார்வை. டேவனன்ட் வீட்டில் தங்கிய நடிகைகள் நால்வரில் ஒருவர் மேரி சாண்டர்சன். 'ரோட்ஸ் முற்றுகை'யில் அவர் போட்ட வேடத்தின் பெயர் ஐயாந்தி. பீப்ஸ் கடைசிவரை அவரை அந்தப் பெயரால்தான் எழுதினார். 1662 முடிவில் பெட்டர்ட்டனுக்கும் மேரிக்கும் திருமணம். நடிகை என்றாலே அரண்மனைக் கிசுகிசு என்றிருந்த காலத்தில் இவர்கள் மேல் ஒரு சொல் விழவில்லை. பெட்டர்ட்டன் அடக்கமானவர், படிப்பாளி, சம்பாதித்ததைச் சேர்த்து வைத்து இப்போதே வசதியாகிவிட்டார் என்று அதே 1662இல் பீப்ஸ் குறிக்கிறார். மேரியின் மெக்பெத் சீமாட்டியை முதுமையிலும் யாராலும் மிஞ்ச முடியவில்லை என்பது சிபரின் தீர்ப்பு. பின்னால் அரசிகளான மேரி, ஆன் இருவருக்கும் அவர்கள் சிறுமிகளாக இருந்தபோது அரண்மனை நாடகத்துக்குப் பயிற்சி தந்தவரும் இவரே. குழந்தைகள் இல்லை. ஆன் பிரேஸ்கர்டில் என்ற சிறுமியைத் தங்கள் வீட்டில் வளர்த்தார்கள். அவள் பெரிய நடிகையானாள்.

கம்பெனியில் பெட்டர்ட்டன் கண்டிப்பானவர். அது பற்றி ஒரு கதை. சம்பளமே இல்லாமல் தொற்றிக்கொண்டிருந்த சிபர், ஒருநாள் மேடையில் ஏதோ சொதப்பி அவர் காட்சியைக் கெடுத்துவிட்டார். யார் அவன், அபராதம் போடு என்றார் பெட்டர்ட்டன். ஐயா, அவனுக்குச் சம்பளமே கிடையாது என்றார்கள். "அப்படியா? வாரம் பத்து ஷில்லிங் சம்பளம் எழுது, அதில் ஐந்து ஷில்லிங் அபராதம் பிடி!" சிபரின் முதல் சம்பளம் இப்படி வந்தது என்பார்கள்.

1692இல் சேமிப்பு கவிழ்ந்தது. கிழக்கிந்தியச் சரக்கு வியாபாரத்தில் ஒரு நண்பரோடு சேர்ந்து பணம் போட்டிருந்தார். பொருளோடு திரும்பிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பெட்டர்ட்டன் பேச்சைக் கேட்டு டாக்டர் ஜான் ராட்கிளிஃப் போட்ட 5,000 பவுண்டும் போயிற்று. செய்தி வந்தபோது டாக்டர் மதுக்கடையில் இருந்தாராம். இன்னும் எத்தனையோ மாடிப்படி ஏறினால் சம்பாதித்துவிடலாம் என்று சொல்லிவிட்டுக் குடித்துக்கொண்டிருந்ததாகக் கதை. டாக்டருக்கு ஏற நோயாளி வீட்டுப் படிகள் இருந்தன. 57 வயது நடிகருக்கு? அந்த வியாபாரத்தில் நொடித்துப்போன நண்பரின் மகளையும் பெட்டர்ட்டன் எடுத்து வளர்த்தார் என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அடுத்த வருடம் கம்பெனி கிறிஸ்டோபர் ரிச் என்ற வக்கீலின் கைக்குப் போனது. நாடகம் தெரியாது, கணக்கு மட்டும் தெரியும். செலவைக் குறைக்கப் பெட்டர்ட்டனின் வேடங்களை எடுத்து ஜார்ஜ் பவல் என்ற இளைஞரிடமும், மூத்த நடிகை எலிசபெத் பாரியின் வேடங்களை எடுத்து பிரேஸ்கர்டிலிடமும் கொடுத்தார். பவல் வாங்கிக்கொண்டார். பிரேஸ்கர்டில் மாட்டேன் என்றாள். போக வேறு கம்பெனியும் கிடையாது. இருந்ததைத்தான் 1682இல் இவர்களே மூடிவிட்டார்களே. வேறு வழியில்லாமல் மூத்த நடிகர்கள் மன்னரிடம் முறையிட்டார்கள். 1695 மார்ச்சில் மூன்றாம் வில்லியம் தனி உரிமம் தந்தார். பிரபுக்கள் இருபது தங்கக் கினி, நாற்பது கினி என்று போட்டுக் கொடுத்தார்கள். கொட்டகைக்கு எங்கே போவது? முப்பத்துநான்கு வருடத்துக்கு முன் தொடங்கிய அதே லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் டென்னிஸ் கூடத்துக்குத்தான். மேகமும் தேரும் டார்செட் கார்டனில் ரிச்சிடம் மாட்டிக்கொண்டன. இவர்களிடம் மிஞ்சியது நடிப்பு.

ஏப்ரல் 30 அன்று வில்லியம் காங்ரீவின் 'காதலுக்குக் காதல்' நாடகத்தோடு திறந்தார்கள். தொடர்ந்து பதின்மூன்று நாள் ஓடியது. அந்தக் காலத்தில் அது பெரிய ஓட்டம். ரிச்சின் ட்ரூரி லேன் கொட்டகையில் பவல், பெட்டர்ட்டனைப் போலவே நடையும் குரலும் வைத்துக் கேலி நடிப்பு நடித்தார். பெட்டர்ட்டன் அதற்கு மேடையில் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. 1700இல் காங்ரீவின் கடைசிப் பெரிய நாடகமும் இங்கேதான் ஏறியது. அதே வருடம் பெட்டர்ட்டன் ஷேக்ஸ்பியரின் தொந்திக்காரக் கோமாளி வீரன் ஃபால்ஸ்டாஃபாக வந்தார். அந்த வயிறு கடைசியில் பயன்பட்டது.

1705இல் நாடகாசிரியரும் கட்டடக் கலைஞருமான வான்புரூ ஹேமார்க்கெட்டில் கட்டிய பிரம்மாண்டமான கொட்டகைக்குப் போனார்கள். பொன்முலாமும் குவிமாடமும் கண்ணைப் பறித்தன. ஆனால் எதிரொலியில் பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்று சிபர் புலம்புகிறார். வயதான நடிகர்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

கீல்வாதம் காலைப் பிடித்துக்கொண்டது. 1709 ஏப்ரலில் அவர் நலநிதிக்காக 'காதலுக்குக் காதல்' மறுபடி போட்டார்கள். ஓய்வு பெற்றிருந்த பாரியும் பிரேஸ்கர்டிலும் அன்று மேடைக்குத் திரும்பினார்கள். 73 வயதில் வாலிபன் வேலன்டைனாகப் பெட்டர்ட்டன். வசூலும் அன்பளிப்புமாகச் சுமார் 500 பவுண்டு சேர்ந்தது என்பார்கள். அந்தச் செப்டம்பரில் ஹாம்லெட். எழுபதைத் தொட்ட கிழவர் இளமையை நடித்துக் காட்டினார் என்று ரிச்சர்ட் ஸ்டீலின் பத்திரிகை வியந்தது.

1710 ஏப்ரல் 13. ஹேமார்க்கெட்டில் 'கன்னியின் துயரம்' நாடகத்தில் போர்வீரன் மெலான்டியஸ். நலநிதி ஆட்டம், ஒத்திவைக்க மனமில்லை. வீங்கிய காலை அடக்க ஏதேதோ ஒத்தடம் போட்டார்கள். பூட்ஸ் நுழையாததால் ஒரு காலில் வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினார். ஆட்டம் நன்றாகவே நடந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அடக்கிய நோய் மேலே ஏறிவிட்டது என்று அந்தக் கால வைத்தியம் பேசியது. ஏப்ரல் 28இல் இறந்தார். மே 2 மாலை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் தாழ்வாரத்தில் அடக்கம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. அவர் இறந்த சூட்டோடு சார்லஸ் கில்டன் என்பவர் 'பெட்டர்ட்டன் வாழ்க்கை' என்று ஒரு புத்தகம் போட்டார். அதில் பெட்டர்ட்டனே நடிப்புக்கலையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுவார். மேற்கோள் காட்ட ஆசையாக இருக்கும். காட்டாதீர்கள், பெரும்பகுதி பிரெஞ்சு மேடைப்பேச்சு நூலிலிருந்து எடுத்தது. கையைத் தூக்காத மனிதர், கையை எப்படித் தூக்க வேண்டும் என்று அத்தனை பக்கம் பேசியிருப்பாரா?

அடக்கத்துக்கு ஸ்டீல் போயிருந்தார். தாழ்வாரத்தில் விளக்குகள் வரக் காத்துக்கொண்டு நடந்தபோது நினைத்ததை இரண்டு நாள் கழித்து எழுதினார். ஒத்தெல்லோவாகக் கைக்குட்டையைப் பற்றிக் கேட்கும் காட்சியில் பெட்டர்ட்டன் காட்டிய வேதனையை நினைத்துக்கொள்கிறார். கடைசியில் அந்த மனைவியிடம் வருகிறார். ஐம்பது வருடத்துக்கு அருகில் சேர்ந்து வாழ்ந்த மேரிக்கு, கணவர் போனதில் புத்தி பேதலித்துவிட்டது. துக்கத்தை உணரும் நினைவே இல்லாததுதான் இப்போது அவளுக்கு ஆறுதல் என்று எழுதுகிறார். ஆகஸ்டில் பெட்டர்ட்டனின் புத்தகங்களும் படங்களும் ஏலத்துக்கு வந்தன. சிறுமியாக மேரியிடம் நாடகம் பழகிய ஆன் அப்போது அரசி. மேரிக்கு வருடம் 100 பவுண்டு உதவித்தொகை ஒதுக்கினார். மேரி 1712 வரை இருந்தார்.